அந்த இரண்டும் ஏன் ஒன்று?

மகனே,

நீ ஏறிய விமானம் எது என்று எனக்கும் மாமாவுக்கும் கடைசிவரை தெரியவில்லை. கண்ணாடிக்குப் பக்கத்தில் நின்று, எழும்பிப் போன ஒன்றைக் காட்டி மாமா "உதுதான், அக்கா" என்றார். நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அது மேகத்துக்குள் மறைந்த பிறகு காருக்கு நடந்தோம். நெடுஞ்சாலையில் ஏறிக் கொஞ்சத் தூரம் வந்ததும், றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் மாமா சொன்னார்: "அவன் போயிட்டான். இனிச் சொன்னால் குற்றமில்லை, அக்கா. அவன் கணிதத்தை விட்டது வேலைக்காக இல்லை. 'அம்மான்ரை படிப்பை நான்தான் கெடுத்துப்போட்டன், மாமா, இனி அந்தப் பக்கம் போகமாட்டன்' எண்டு என்னட்டைச் சொன்னவன். உங்களிட்டைச் சொல்லக்கூடாது எண்டும் சொன்னவன்."

எப்போது சொன்னான் என்று மட்டும் கேட்டேன். நீ வங்கியின் கொம்பியூட்டர் பிரிவில் வேலைக்குச் சேர்ந்த கோடையில், பிக்கரிங்கில் மாமாவின் புது வீட்டுக்கு வேலி அடைக்க உதவிக்குப் போனாயே, அன்றைக்காம். எங்கள் வீடு இருக்கிற மோர்னிங்சைட் வரும்வரை நான் பிறகு வாய் திறக்கவில்லை. எனக்குக் கோபம் என்று நினைத்து, இறக்கிவிடும்போது மாமா "மனசிலை வச்சிருக்காதேங்கோ" என்றார். கோபம் இல்லை, மகன். அந்தக் கோடையிலிருந்து நீ புறப்படும்வரை நாங்கள் இரண்டு பேரும் ஒரே மேசையில்தான் சாப்பிட்டோம். நீ மனதில் வைத்திருந்தது இதுதான் என்று எனக்குத் தெரியாது. என் மனதில் இருந்தது உனக்கும் தெரியாது. அதை யோசித்துக்கொண்டுதான் வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை, வங்கி உன்னை மாற்றி அனுப்பிய வன்கூவரிலிருந்து நீ போன் எடுத்தபோது சொல்லிப் பார்க்கலாம் என்று இருந்தேன். சாப்பிட்டாயா, அங்கே மழையா என்று கேட்டு முடிக்கமுதல் நீ "ஓகே அம்மா, வைக்கட்டே?" என்றாய். அதனால்தான் எழுதுகிறேன். நடந்ததை நடந்தபடி, ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்வதற்கு எனக்குக் கடதாசி வேண்டும். நீ இதை ஒரே மூச்சில் வாசிக்கவேண்டும் என்றில்லை. ஆறுதலாக வாசி.

நாங்கள் இங்கே வந்து இறங்கிய முதல் மாரியிலிருந்து தொடங்குகிறேன். கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்தபோது உன் அப்பா காலமாகி ஒரு வருடம்கூட ஆகியிருக்கவில்லை. அவருடைய உடுப்புகளோடு, நான் அங்கே செய்துகொண்டிருந்த ஆராய்ச்சியின் கணிதக் கடதாசிகளும் அதற்குள் இருந்தன. ரொறன்ரோவில் எங்களுக்குக் கிடைத்த அப்பார்ட்மென்றில் ஒரு கதிரைகூட இல்லை. நீ அப்போது பதினேழு வயதுப் பிள்ளை. எரிந்த வீட்டைப் பார்த்த நாளிலிருந்து நீயாக ஒன்றும் கேட்பதில்லை. கேட்டதற்குப் பதில் சொல்வாய், அவ்வளவுதான். ஒரு பின்னேரம் மாமா தந்த நகர வரைபடத்தை வெறும் தரையில் விரித்து, பஸ் எங்கே பிடிப்பது என்று பார்த்துக்கொண்டிருந்தோம். உன்னைக் கதைக்கவைக்க எனக்கு வேறு வழி தெரியவில்லை. "இந்தக் கடதாசியிலை ஒரேயொரு புள்ளி, தான் குறிக்கிற இடத்துக்கு நேர் மேலையே கிடக்குது" என்றேன். நீ குனிந்து பார்த்தாய். பிறகு கேட்டாய்: "ஏன், ரெண்டு இருக்கேலாதோ?" இரண்டு இருந்தால், அவற்றுக்கு இடையில் கடதாசியில் உள்ள தூரமும் நிலத்தில் உள்ள தூரமும் சமமாக வேண்டும், வரைபடமோ எல்லாத் தூரத்தையும் சுருக்கிவிடுகிறது, அதனால் இரண்டு இருக்க முடியாது என்று சொன்னேன். நீ வெகுநேரம் யோசித்து "ஓம், ஏலாது" என்றாய். மாதக்கணக்குக்குப் பிறகு நீயாகக் கேட்ட முதல் கேள்வி அது. நான் மீண்டும் படிப்பது என்று முடிவெடுத்தது அந்தப் பின்னேரம்தான். இதை இதுவரை உனக்குச் சொன்னதில்லை.

மாமா அதை விரும்பவில்லை என்பது உனக்குத் தெரியும். இந்த வயதில் கணிதத்தில் கலாநிதிப் பட்டம் எடுத்து யாரிடம் காட்டப்போகிறீர்கள் என்று கேட்டார். அவர் கேட்டதில் பிழையில்லை. பல்கலைக்கழகத்தில் என்னோடு சேர்ந்தவர்கள் எல்லாரும் உன்னைவிடச் சில வயதே மூத்த பெடியன்கள். முதல் நாள் வகுப்பறைக்கு வெளியே நின்றபோது ஒருவன் வந்து, யாரைத் தேடுகிறீர்கள், உங்கள் மகனின் பெயர் என்ன என்று மிகவும் அன்பாக விசாரித்தான். ஞாயிறு பூசையில் சந்தித்த எங்கள் பெண்களிடம் கணக்குப் படிக்கிறேன் என்றேன். அவர்கள் அதைக் கணக்கு வழக்குப் பார்க்கிற படிப்பு என்று எடுத்துக்கொண்டு, வரிப் படிவம் நிரப்பித் தரமுடியுமா என்று கேட்டார்கள். திருத்திச் சொல்ல வெட்கப்பட்டு இரண்டு பேருக்கு நிரப்பியும் கொடுத்தேன். உன் அப்பா தபால் கந்தோரில் வேலை பார்த்தவர், கணிதம் அவருக்கு விளங்காது. ஆனாலும் இரவுச் சாப்பாட்டில் ஒவ்வொரு நாளும் "இண்டைக்கு எதிலை நிக்குது?" என்று கேட்பார். நான் நிற்கிற இடத்தைச் சொல்வேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பார். அவர் போன பிறகுதான், அந்தக் கேள்வி இல்லாமல் வேலை செய்வது எவ்வளவு கடினம் என்று தெரிந்தது. ரொறன்ரோவில் பனி கொட்டுகிற ஒரு பின்னேரம் ஒரு சின்ன முடிவை நிறுவிவிட்டு, எழும்பி நின்று, சொல்ல ஆளில்லாமல், குசினிக்குப் போய்த் தேத்தண்ணி போட்டுக் குடித்தேன். நீ உன் அறையில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். குழப்பக்கூடாது என்று விட்டுவிட்டேன்.

நான் எடுத்த விஷயமும் அப்படி. தூரத்தைச் சுருக்கும் ஒரு விதியைத் திரும்பத் திரும்பப் பிரயோகித்துக்கொண்டே போனால், கடைசியில் அந்த விதியால் அசைக்க முடியாத ஒரு புள்ளியில் போய் நிற்போம். இது எல்லாருக்கும் தெரிந்த பழைய தேற்றம். நான் கேட்டது, தூரம் என்பது நாங்கள் பழகிய மாதிரி நடக்காத வெளிகளில் இது என்ன ஆகும் என்பது. பழகிய வெளியில், நேரே போகிற தூரம் இடையில் ஓர் இடத்தில் இறங்கிப் போகிற தூரத்தைவிட ஒருபோதும் கூடுதலாக இருக்காது. நான் எடுத்த வெளியில் அந்த உறுதி இல்லை. வெவ்வேறான இரண்டு இடங்களில் இறங்கிப் போனால்தான் அப்படிச் சொல்லலாம். ஓரிடத்தில் மட்டும் இறங்கினால் எதையும் சொல்ல முடியாது. இவ்வளவு சின்ன மாற்றம்தான். ஆனால் அதற்குள் காலை வைத்தால் தெரிந்ததெல்லாம் ஆட்டம் காணும். என் பேராசிரியர் ஒரு காலத்தில் இதில் வேலை செய்துவிட்டு விட்டவர். வயதானவர், காதில் கருவி போட்டிருப்பார். இதை இப்போது ஒருவரும் செய்வதில்லை, நீங்கள் தனியாகத்தான் நடக்கவேண்டும் என்று முதலே சொல்லிவிட்டார். எனக்குத் தனியாக நடந்து பழக்கம்தான் என்று பதில் சொன்னேன். சொல்லும்போது அது பெருமையாக இருந்தது.

இனி அந்த நாள். நீ மூன்றாம் வருடம். நானும் நீயும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தாலும் ஒருவர் இருக்கிற கட்டடத்துக்கு மற்றவர் போவதில்லை. உன் சிநேகிதர்கள் முன்னால் சங்கடமாக இருக்கும் என்று நானே அப்படி வைத்துக்கொண்டேன். என் ஆய்வை வாரக் கூட்டத்தில் பேசச் சொல்லிப் பேராசிரியர் நாள் குறித்திருந்தார். உனக்குச் சொல்லவும் இல்லை, வரச் சொல்லவும் இல்லை. மாசி மாதம், வெளியே தெரு எல்லாம் உறைந்து கிடந்தது. அறையில் ஆறேழு பேர். ஒருவர் வேறு யாருடைய பரீட்சைத் தாளையோ திருத்திக்கொண்டிருந்தார். ஒருவர் தோடம்பழம் உரித்தார். பேராசிரியரின் காதுக்கருவி அடிக்கடி கீச்சிட்டது. அவர் அதைக் கழற்றிப் பையில் வைத்தார். நான் பேசத் தொடங்கிய பிறகு கதவைத் திறந்து நீ வந்தாய், தொப்பியைக்கூடக் கழற்றாமல் பின்வரிசையில் இருந்தாய். உன்னைக் கண்டதும் ஒரு வரியை இரண்டு தடவை சொன்னேன்.

கடைசிப் பலகைக்கு வந்தேன். புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஓரிடத்தை நெருங்குகின்றன. அந்த இடத்தை விதி எங்கே கொண்டுபோய் வைக்கிறதோ, அந்த இன்னோரிடத்தையும் அதே புள்ளிகள் நெருங்குகின்றன. ஆகவே அந்த இரண்டு இடமும் ஒன்று, விதி அதை அசைக்கவில்லை, தேற்றம் முடிந்தது என்று கீழே கோடு போட்டேன். கேள்விகள் உண்டா என்று பேராசிரியர் வழக்கப்படி கேட்டார். ஒருவரும் அசையவில்லை. அப்போது நீ கையை உயர்த்தினாய். ஆங்கிலத்தில், மிகவும் மரியாதையாக, அம்மா என்று சொல்லாமல், அந்த இரண்டும் ஏன் ஒன்று என்று கேட்டாய். எல்லை ஒன்றாகத்தானே இருக்கும் என்றேன். இந்த வெளியிலுமா என்று கேட்டாய். நான் பலகைப் பக்கம் திரும்ப, நீ எழும்பி வந்து சோக் வாங்கி, இரண்டு புள்ளியும் அவற்றுக்கு இடையில் ஒரு வரிசைப் புள்ளிகளும் போட்டாய். அந்த வரிசை ஒரே நேரத்தில் இரண்டு புள்ளிகளையும் நெருங்கியது. என் விதிகள் எதையும் அது மீறவில்லை. தாள் திருத்தியவர் பேனையை வைத்தார். பேராசிரியர் கருவியை எடுத்துத் திரும்பக் காதில் மாட்டினார். அந்த அறையில் அந்த மணித்தியாலம் முழுவதிலும் அப்போதுதான் எல்லாரும் பலகையைப் பார்த்தார்கள்.

நீ பார்த்தது என் முகத்தை. நான் வெளிறிப் போனேன் என்று மாமாவிடம் சொல்லியிருக்கிறாய், காரில் அதையும் சொன்னார். வெளிறியிருப்பேன். பஸ்ஸில் வரும்போது நீ "ஸொறி அம்மா" என்றாய். நான் "பிறகு கதைப்பம்" என்றேன். அதற்குப் பிறகு வீடு வரும்வரை யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அதை நீ எப்படி விளங்கிக்கொண்டாய் என்று இப்போது எனக்குத் தெரியும். எனக்குள் இருந்தது என்ன என்று நீயும் தெரிந்துகொள். என் நிறுவலில் இருந்த அந்த ஓட்டையைக் கண்டுபிடிக்க ஒரு மணித்தியாலப் பேச்சைக் கேட்டால் போதாது. வீட்டில் மேசையில் நான் விட்டுப்போன கடதாசிகளை முதல் வரியிலிருந்து வாசித்திருக்கவேண்டும். அந்த வெளிக்குள் போய், பழைய பழக்கத்தை வெளியே விட்டுவிட்டு, கனநாள் இருந்து பார்த்திருக்கவேண்டும். நீ எனக்குத் தெரியாமல் அங்கே இருந்திருக்கிறாய். இந்த நாட்டுக்கு வந்த பிறகு நான் சொன்னதை ஒருவர் உண்மையாகக் கேட்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்த முதல் நாள் அது. யன்னலைப் பார்த்தது, அழுகை வந்துவிடும் என்றுதான். அது துக்கத்தால் வந்த அழுகை இல்லை.

பிறகு கதைப்பம் என்றேன், அந்தப் பிறகு வரவில்லை. முதலில் ஓட்டையை அடைத்துவிட்டு, கையில் பதிலோடு உன்னிடம் வரவேண்டும் என்று நினைத்தேன். உன் கேள்விக்கு அந்த மரியாதை கொடுக்கவேண்டும் என்று தோன்றியது. அது மாதக்கணக்காக இழுபட்டது. வெளிக்கு ஒரு புது நிபந்தனை போட்டுப் பார்த்தேன். தேற்றம் தப்பியது, ஆனால் வெளி பழைய வெளியாகவே மாறிவிட்டது. அதை அழித்துவிட்டு இன்னொன்று போட்டேன். நீ அந்தச் சித்திரையில் பரீட்சை எழுதினாய், நாலாம் வருடம் போகாமல் மூன்று வருடப் பட்டத்தோடு முடித்துக்கொண்டு வங்கிக்குப் போவதாகச் சொன்னாய். எனக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் நீ பனிக்குள் சப்பாத்து நனைய நடந்து களைத்துவிட்டாய், சொந்தமாக உழைக்க விரும்புகிறாய் என்று நினைத்தேன். "நல்லது, மகன்" என்றேன். நீ நான் இன்னும் ஏதாவது சொல்வேனா என்று நின்றாய். அதுவும் இப்போதுதான் விளங்குகிறது.

விடை கிடைத்தது ஐப்பசியில், கட்டடத்தின் அடித்தளத்தில் உடுப்புத் தோய்க்கிற அறையில். இயந்திரம் முடியும்வரை காத்திருக்க ஒரு கடதாசியை எடுத்து, என் ஆய்வை மறந்துவிட்டு, நீ பலகையில் போட்ட படத்தைப் போட்டேன். அதுவரை அதை நான் போட்டுப் பார்த்ததே இல்லை. அது என் தேற்றத்தை உடைத்த படமாகத்தான் எனக்கு இருந்தது; அதற்குள் என்ன நடக்கிறது என்று பார்க்கவில்லை. போட்டு முடித்தபோது கண்டேன். உன் வரிசைப் புள்ளிகள் அந்த இரண்டு இடத்தையும் நெருங்குகின்றன, ஆனால் தங்களுக்குள் ஒன்றையொன்று நெருங்கவில்லை. எப்போதும் ஒரே தூரத்தில் நிற்கின்றன. என் புள்ளிகளோ சுருக்கும் விதியால் பிறந்தவை, போகப் போகத் தங்களுக்குள்ளும் நெருங்குகின்றன. அப்படியென்றால் முதல் இடத்திலிருந்து ஒரு புள்ளிக்கு, அதிலிருந்து இன்னொரு புள்ளிக்கு, அதிலிருந்து இரண்டாவது இடத்துக்கு. இறங்குவது இரண்டு இடத்தில். என் வெளி அதைத்தான் கேட்கிறது. மூன்று துண்டும் சுருங்கி இல்லாமல் போகின்றன. ஆகவே அந்த இரண்டும் ஒன்றுதான். நான்கு வரி, மகன். புது நிபந்தனை ஒன்றும் வேண்டாம். தேற்றம் முதலிலேயே சரி, ஆனால் அது ஏன் சரி என்று உன் கேள்விக்கு முன்னால் எனக்குத் தெரியாது. இயந்திரம் நின்று எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஒரு சீனக் கிழவி வந்து என் உடுப்பை எடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தன்னுடையதைப் போட்டாள்.

அன்று நீ வேலையால் வந்தபோது சொல்ல நினைத்தேன். நீ சிநேகிதர்களோடு படத்துக்குப் போகிற அவசரத்தில் இருந்தாய். மேசையில் கிடந்த என் கடதாசிகளைத் தொடாமல் ஒரு பக்கமாகச் சுற்றிப் போனாய். அதற்குப் பிறகும் கவனித்தேன், எப்போதும் அப்படித்தான் போனாய். உனக்கு இது அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். அலுத்த பிள்ளையை இழுத்து வைத்து என் வெற்றியைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இந்த வசந்தத்தில் வாய்மொழிப் பரீட்சை நடந்தது. வெளியூரிலிருந்து வந்த பரீட்சகர் நேரே அந்தப் பக்கத்தைத் திறந்தார். இங்கேதான் எல்லாரும் வழுக்குவார்கள், நீங்கள் எப்படித் தப்பினீர்கள் என்று கேட்டார். தப்பவில்லை, வழுக்கினேன், என் மகன்தான் பிடித்தவன் என்றேன். எல்லாரும் கதவைப் பார்த்தார்கள், நீ வெளியே காத்துக்கொண்டிருப்பாய் என்று. அவர் என்ன செய்கிறார் என்று பரீட்சகர் கேட்டார். வங்கியில் வேலை என்றேன். அவர் அடுத்த பக்கத்தைத் திருப்பினார். முடிந்து கைகொடுத்து வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகாமல் உன் வேலைக் கட்டடத்துக்குப் போனேன். கீழே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் நீ கோப்பிக் குவளையோடு, கழுத்துப்பட்டியைத் தோளில் எறிந்துவிட்டு, இரண்டு பேரோடு சிரித்துக்கொண்டு நின்றாய். வீட்டில் நீ அப்படிச் சிரித்து எவ்வளவு காலம். நான் உள்ளே வந்தால் அந்தச் சிரிப்பு நின்றுவிடும் என்று தோன்றியது. முன்னால் இருந்த கடையில் ஒரு டோனற் வாங்கி, தெருவோர வாங்குப் பலகையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு பஸ் ஏறினேன். பின்னேரம் நீ வந்தபோது "முடிஞ்சுது" என்றேன். நீ கட்டிப்பிடித்து வாழ்த்தினாய், ஓடிப்போய்க் கேக் வாங்கி வந்தாய். ஓட்டை என்ன ஆனது என்று கேட்கவில்லை. நான் அதை அக்கறையின்மை என்று நினைத்தேன். நீ கேட்கப் பயந்திருக்கிறாய்.

நீ தனியாக வாழத் தொடங்குகிறாய், நாளைக்கு ஒருத்தியோடு வாழ்வாய். அவள் ஒரு நாள் யன்னலைப் பார்த்துக்கொண்டு பேசாமல் வருவாள். அதற்கு நீயாக ஒரு காரணம் கட்டி, அதைச் சுமந்துகொண்டு திரியாதே. பலகைக்கு முன்னால் என்னிடம் கேட்டாயே, அப்படி நேரே கேள். ஒரு தடவை பதில் வராவிட்டால் இரண்டாம் தடவையும் கேள். நானும் இனி அப்படியே செய்யப் பார்க்கிறேன். இந்த வயதில் பழகுவது கொஞ்சம் சிரமம்.

கணிதத்துக்குத் திரும்பி வா என்று நான் கேட்கவில்லை. உன் வேலையில் நீ சிரிக்கிறாய், அது எனக்குப் போதும். இங்கே உன் அறைக் கதவைத் திறந்தே வைத்திருக்கிறேன், ஹீற்றரின் சத்தம் மட்டும் கேட்கிறது. ஒரு சின்னக் கல்லூரியில் பகுதிநேரமாகப் படிப்பிக்கக் கேட்டிருக்கிறார்கள், போகிறேன். மிச்ச நேரத்தில் ஒரு புதுக் கேள்வி பார்க்கிறேன். விதி இவ்வளவு விகிதம் சுருக்கும் என்று உறுதி தராமல், ஒவ்வொரு சோடிப் புள்ளியையும் கொஞ்சமாவது நெருக்கும் என்று மட்டும் சொன்னால், அசையாத புள்ளி அப்போதும் இருக்குமா? எல்லாப் புள்ளி வரிசையிலும் ஒரு பகுதியாவது எங்காவது போய்ச் சேர்கிற வெளியாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருக்கும் என்று நிறுவி எழுதிய பக்கங்களை இதோடு வைக்கிறேன். வாசிக்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. எங்கேயோ பிழை இருக்கிறது, என்னால் தனியாகக் கண்டுபிடிக்க முடியவில்லை. அவசரம் இல்லை, நேரம் கிடைக்கும்போது பார். கண்டால், யார் முன்னால் என்றாலும் கையை உயர்த்து.

அம்மா